டில்லிபாபுவின் வயிற்றெரிச்சல்

பக்கத்து வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கினால், அதன் பெல் சத்தம் சரியில்லை என்று முதலில் கண்டுபிடிக்கிற ஆள் டில்லிபாபு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்தான். மாடிப்படியில் யாராவது மீன் பையோடு ஏறினால், வஞ்சிரமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்கப் பெண்டாட்டி யசோதராவிடம் சிடுசிடுப்பான். கெட்டவன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதே மாடிப்படியில் யாராவது மயங்கி விழுந்தால், தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற முதல் ஆளும் அவன்தான். அடுத்தவன் கஷ்டப்பட்டாலும் அவனுக்குப் பொறுக்காது, அடுத்தவன் நன்றாக இருந்தாலும் பொறுக்காது. என்ன செய்வது, சிலரை அப்படிச் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகனாவது நிழலில் வேலை செய்யட்டும் என்று ஆசைப்பட்டார். மகன் பத்தாவதில் கணக்குப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டு, விம்கோ நகர் பக்கம் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலைக்குப் போனான். மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான்கள் செய்கிற இடம். நிழல் இருந்தது, காற்றுதான் இல்லை. கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு வா என்றால் வர வேண்டும், நாளைக்கு வராதே என்றால் நின்றுகொள்ள வேண்டும்.

கம்பெனிக்கு நீல நிறத்தில் ஒரு பஸ் உண்டு. காலையில் வியாசர்பாடி வழியாகத்தான் வரும். பர்மனென்ட் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும். கான்ட்ராக்ட் ஆள் நின்று கைகாட்டினால் டிரைவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். டில்லிபாபு சைக்கிளில் போவான். தண்டையார்பேட்டை தாண்டும்போது அந்த பஸ் அவனை முந்தும். ஜன்னலோரத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதிப்பான். கல்யாணமான புதிதில் யசோதரா ஆசையாக, "உனுக்கு இன்னாயா வோணும்?" என்று கேட்டபோதுகூட, "அந்த பஸ்ஸுல ஒரு ஜன்னல் சீட்டு" என்றுதான் சொன்னான். அவள் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தாள்.

இந்த ஆளுக்கு ஒரு தோஸ்து. தண்டையார்பேட்டை ரஷீது. இருவரையும் சேர்த்துவைத்தது கேரம். அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு ஒரு கேரம் கிளப் இருக்கும். கூரைக் கொட்டகை, போர்டுக்கு நேர் மேலே தொங்குகிற பல்பு, சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்கிற கூட்டம். டில்லிபாபு நல்ல ஆட்டக்காரன். ரஷீது அவனைவிட நல்ல ஆட்டக்காரன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பொங்கல் டோர்னமென்டில் கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும் நடந்தது. டில்லிபாபுவுக்கு ஒரே ஒரு காய்தான் பாக்கி. ரஷீது தன் காய்களை வரிசையாகப் போட்டு, நடுவிலிருக்கிற சிவப்புக் காயையும் போட்டு, கோப்பையை வாங்கிக்கொண்டு, "மச்சான், இது நீ ஜெயிக்க வேண்டிய ஆட்டம்டா" என்று கட்டிப்பிடித்தான். ஜெயித்ததையாவது டில்லிபாபு மன்னித்திருப்பான். கட்டிப்பிடித்ததை மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு ஸ்டிரைக்கரைக் கீழே வைத்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை.

கொஞ்ச காலத்தில் ரஷீது வேலை பார்த்த லாரி ஷெட்டை மூடிவிட்டார்கள். முகம் வாடி நின்ற ரஷீதைப் பார்த்ததும் டில்லிபாபுவுக்கு மனசு கேட்கவில்லை. கஷ்டத்தில் இருக்கிற ரஷீது மேல் அவனுக்குப் பொறாமையே கிடையாது. தானே போய் சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவனையும் பீங்கான் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டான். நன்றாகத்தான் இருந்தது, ரஷீதின் முகம் தெளிகிற வரைக்கும். கேன்டீன் ஓரம் ஒரு பழைய கேரம் போர்டு கிடந்தது. ரஷீது அதைத் துடைத்துப் போட்டுச் சாப்பாட்டு நேரத்தில் ஆட ஆரம்பித்தான். பர்மனென்ட் ஆட்கள்கூடச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு அவன் ஆட்டம் பார்க்க ஓடிவந்தார்கள். டில்லிபாபு சூளைப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

2001-இல் கம்பெனிக்குள் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புது அறை வந்தது. கூடவே ஃப்ளோரா மேடம் வந்தார். ராயபுரத்துக்காரர், பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் பேசும்போது படிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசமாட்டார். சூளை ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொடுத்து நடக்கச் சொன்னார். கை நடுங்காமல் நடந்தவர்கள் இரண்டே பேர். டில்லிபாபு, ரஷீது.

அவர்கள் கையில் ஒரு குழாயைக் கொடுத்தார். ஒரு முழ நீளம், சுண்டுவிரல் தடிமன், சாக்பீஸ் வெள்ளை.

"எண்ணூர், மணலி பக்கம் போறப்ப, ஒசரமான சிம்னி நுனியில நெருப்பு எரியுமே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"தெனம் அத்த பாத்துகினுதான மேடம் வர்றோம்," என்றான் ரஷீது.

"அதுல நல்ல கேஸும் சேர்ந்து வீணா எரியுது. ஹைட்ரஜன். மத்த கேஸோட கலந்து கெடக்கறதால பிரிக்க முடியல, எரிச்சுடறாங்க. இந்தக் குழாய் பிரிச்சுக் குடுக்கும். ஆனா இப்ப இருக்கிற மாதிரி இருந்தா குடுக்காது."

விஷயம் இதுதான். அந்தப் பீங்கான் குழாயின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ஹைட்ரஜன் மற்ற கேஸ்களைவிடப் பொடிசு. ஓட்டை அதற்கேற்ற அளவில் இருந்தால், அது மட்டும் நழுவிப் போகும். நைட்ரஜன் மாதிரி பெரிசுகள் வெளியே நின்றுவிடும். ஆனால் சூளையிலிருந்து வருகிற குழாயில் ஓட்டைகள் பெரிசு, எல்லாமே புகுந்து போய்விடும். அதனால் குழாயின் இரண்டு முனையையும் ரப்பர் கார்க்கால் அடைத்து, வடிகஞ்சி போல ஒரு கரைசலில் முக்கி, ஆடாமல் அசையாமல் மெதுவாக மேலே தூக்க வேண்டும். மேலே படிகிற மெல்லிய தோல் காய்ந்ததும் உலையில் சுட வேண்டும். மறுபடி முக்கி மறுபடி சுட வேண்டும். ஒரு தூசி விழுந்தால் போச்சு, அந்த இடத்தில் தோல் பிளந்துகொள்ளும். தூக்குவதற்கு மிஷின் கேட்டார் மேடம். மேனேஜர் ரகுபதி, "மனுஷன் கை எதுக்கு இருக்கு?" என்று சொல்லிவிட்டார்.

அந்த ரகுபதியே ஒருநாள் அறைக்கு வந்து இன்னொன்றும் சொன்னார். ஒரு உரக் கம்பெனி, தன் சிம்னியில் வீணாகிற கேஸைப் பிரிக்க இந்தக் குழாய்களை வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. குழாய் தேறினால் இந்த அறைக்கு ஒரு ஆளைப் பர்மனென்ட் ஆக்குவோம். ஒரே ஒரு ஆள். எவன் முக்கியெடுத்த குழாய் உரக் கம்பெனிக்குப் போகிறதோ அவன்.

டில்லிபாபுவின் கண் முன்னால் நீல பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது.

குழாய் தேறியதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார் மேடம். குழாயின் வெளிப்பக்கம் நைட்ரஜனை அழுத்துவார்கள். உள்ளே கசிந்து வருகிற காற்று ஒரு கண்ணாடிக் குழலுக்குள் சோப்புக் குமிழியைத் தள்ளும். குமிழி சரசரவென்று ஏறினால் குழாய் ஓட்டை. அசையாமல் நின்றால் நல்ல குழாய். பிறகு ஹைட்ரஜனை விட்டால் அதே குமிழி ஓட வேண்டும். நைட்ரஜனுக்கு நிற்கணும், ஹைட்ரஜனுக்கு ஓடணும். அவ்வளவுதான் பரீட்சை. கணக்குப் பரீட்சையைவிட இது எவ்வளவோ மேல் என்று டில்லிபாபு நினைத்தான்.

அவனுடைய முதல் குழாயை மாட்டினார்கள். நைட்ரஜனை விட்டதுமே குமிழி, கேட் திறந்ததும் ஓடுகிற ஷிஃப்ட் ஆட்களைப் போல மேலே ஓடியது. ரஷீதின் குழாயை மாட்டினார்கள். குமிழி நின்றது. மேடம் கண்ணாடிக் குழலை விரலால் தட்டிப் பார்த்தார். அப்போதும் நின்றது. ஹைட்ரஜனை விட்டார்கள், ஓடியது. மேடம் கைதட்டினார். ரஷீது அசட்டுச் சிரிப்பு சிரித்தான். டில்லிபாபுவும் கைதட்டினான், தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே.

ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் இதே கதை. அறை ஒன்று, கரைசல் ஒன்று, உலை ஒன்று. ஆளுக்கொரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துக்கொள்வார்கள், அதுதான் வித்தியாசம். டில்லிபாபு சுத்தத்தில் குறை வைக்கவில்லை. நகம் வெட்டினான். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினான். கார்க்குகளை மேடம் சொன்னபடி கழுவி, மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தான். என்ன செய்து என்ன, குமிழி அவனைக் கண்டால் ஓடியது.

பொறாமைக்காரனுக்கு ஒரு திறமை உண்டு, அடுத்தவனை அவன் பார்க்கிற மாதிரி யாரும் பார்க்க முடியாது. ரஷீது வலது காலை முன்னால் வைத்து நிற்கிறானா, இவனும் வைத்தான். ரஷீது மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறானா, இவனும் கண் பிதுங்கப் பிடித்தான். முக்குவதற்கு முன்னால் ரஷீதின் உதடு அசைவதைக் கவனித்து, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தான். பிஸ்மில்லா. அதை அப்படியே சொல்ல வாய் வராமல், தன் பங்குக்கு "பெரியபாளையத்தம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே முக்கினான். அன்றைய குழாயில் குமிழி முன்னைவிட வேகமாக ஓடியது. உலையில் ரஷீது வைக்கிற மூலைதான் நல்ல மூலை என்று முடிவு கட்டி, யாரும் பார்க்காதபோது குழாய்களை இடம் மாற்றி வைத்தான். நல்ல மூலையில் அவன் குழாய் ஓட்டையாகவும், ஓட்டை மூலையில் ரஷீதின் குழாய் நல்லதாகவும் வந்தன.

வீட்டிலும் நிம்மதி இல்லை.

"மூஞ்ச ஏன்யா உர்ருனு வச்சிகினு கீற? ரஷீதண்ணே ஜெயிச்சிடுச்சா இன்னிக்கும்?" என்பாள் யசோதரா.

"அண்ணே நொண்ணேன்னா பாரு. நான்தான அவன இஸ்துகினு போய் சேத்தேன். நா இல்லன்னா அவன் தெருவுலதான் நின்னுகினு இருப்பான்."

"அப்ப நிக்க வுட்டிருக்கலாம்ல? இப்ப குந்திகினு பொலம்பறியே."

சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். நெஞ்சுக்குக் கீழே ஒரு காந்தல், தண்ணீர் குடித்தாலும் அடங்காது. ரஷீது நாசமாகப் போக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ரஷீது கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும் என்று நினைத்தான். ஒரே ஒரு குழாயாவது, ஒரே ஒரு முறையாவது.

உரக் கம்பெனிக்குக் குழாய் அனுப்பும் நாள் நெருங்கியது. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் பிடிக்கக் கேன்டீன் பக்கம் போன டில்லிபாபு, கூட்டத்தின் சந்தில் ரஷீதைப் பார்த்தான். வெகுநாளாகத் திரும்பிப் பார்க்காத போர்டு. ரஷீது ஆட்டத்துக்கு உட்கார்ந்தவன், பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுத் தன்னுடைய ஸ்டிரைக்கரை எடுத்தான். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொந்த ஸ்டிரைக்கர்தான் வைத்திருப்பார்கள், கூடவே போர்டில் தூவுகிற பவுடரும் ஒரு பொட்டலத்தில் இருக்கும். ஸ்டிரைக்கரோடு இன்னொன்றும் வந்து போர்டில் விழுந்து உருண்டது. ரப்பர் கார்க். மாவில் புரட்டியதைப் போல முழுக்க வெள்ளைப் பவுடர். ரஷீது அதை எடுத்து மறுபடி அதே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தான்.

டில்லிபாபுவின் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மூடிவைக்க வேண்டிய கார்க்கைக் கேரம் பவுடரோடு பாக்கெட்டில் வைத்திருக்கிறான்! அதைத்தான் தினமும் குழாயில் செருகிக் கரைசலில் முக்குகிறான். கலீஜு பிடித்தவன். தூசி விழுந்தால் வேலை போய்விடும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதே, அதைப் படிக்கவில்லையா? இவ்வளவு அழுக்கோடு முக்கிய குழாய் எப்படித் தேறுகிறது என்ற கேள்வி மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. பொறாமை கண்ணைக் கூர்மையாக்கும், மூளையை அல்ல.

நேராக ரகுபதியின் ரூமுக்குப் போனான். வாசலில் ஒரு நிமிஷம் நின்றான், அதை மறைக்கக்கூடாது. லாரி ஷெட் மூடிய நாளில் ரஷீது நின்ற நிலை ஞாபகம் வந்தது. பிறகு பஸ் ஞாபகம் வந்தது. கதவைத் தட்டினான்.

ரகுபதி எல்லோர் முன்னாலும் ரஷீதின் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினார். தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. "ஒரு நிமிஷம் சார், நான் பார்க்கிறேன்" என்று ஃப்ளோரா மேடம் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. முன்பு ஒருமுறை தூசியால் ஓர் உலை முழுக்கக் குழாய் பாழானதில் மேலிடத்தில் வாங்கிய திட்டு அவருக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயே ரஷீதின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். ரஷீது யாரையும் பார்க்காமல் போனான். டில்லிபாபு உலையின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான், அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். யசோதரா காரணம் கேட்டாள். சொன்னான். மீனைக் குழம்பாக வைத்து அவன் தட்டில் போட்டாளே தவிர, தன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

"இன்னாடி, துண்றதுதான?"

"நீயே துண்ணு. எனுக்கு எறங்காது," என்றாள்.

இனி அறையில் டில்லிபாபு ஒருவன்தான். போட்டியே இல்லை. முக்கினான், சுட்டான், மாட்டினான். குமிழி ஓடியது. மறுபடி முக்கினான். ஓடியது. உரக் கம்பெனியிலிருந்து குழாய் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரகுபதி தினம் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உறுமிக்கொண்டு போனார். ஃப்ளோரா மேடம் ரஷீதின் மேஜை இழுப்பறையில் மிச்சமிருந்த கார்க்குகளை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பவுடரைச் சுரண்டி என்னென்னவோ செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் டில்லிபாபுவைக் கூப்பிட்டு, கரைசலில் ஒரு சிட்டிகை பவுடரைப் போட்டுக் கலக்கி, "இதுல முக்கு" என்றார். முக்கிச் சுட்டு மாட்டினான். நைட்ரஜனை விட்டார்கள். குமிழி நின்றது.

டில்லிபாபு வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். அவன் வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு குமிழி அவனுக்காக நின்றது. சந்தோஷப்படலாமா என்று யோசிப்பதற்குள் மேடம் ஹைட்ரஜனை விட்டார். அதற்கும் குமிழி அசையவில்லை.

"பவுடர் ஜாஸ்தி," என்றார் மேடம். "எல்லா ஓட்டையும் அடைஞ்சு போச்சு. கேரம் பவுடர்னா என்னன்னு தெரியுமா டில்லி? போரிக் ஆசிட். அது உலை சூட்டுல இளகி, தோல்ல இருக்கிற பிளவை எல்லாம் மூடிடுது. கொஞ்சமா இருந்தா பிளவை மட்டும் மூடும். ரஷீதோட பாக்கெட்லேர்ந்து கார்க்ல ஒட்டிக்கிட்டு அந்தக் கொஞ்சம் சரியா கரைசல்ல சேர்ந்திருக்கு. அவனுக்கே தெரியாது. அவன் எந்தக் கடை பவுடர் வாங்குவான், கார்க்கை எத்தனை நாள் பாக்கெட்ல போட்டுவைப்பான், எல்லாம் எனக்குத் தெரியணும். அவன் திரும்பி வரணும். ரகுபதி சார்கிட்ட பேசிட்டேன், தப்பு நம்ம பேர்லன்னு ஒத்துக்கிட்டார். அவன் வந்தா அந்தப் பர்மனென்ட் அவனுக்குத்தான். நியாயம் அதானே?"

"ஆமா மேடம்," என்றான் டில்லிபாபு. வாய்தான் சொன்னது.

"அவன் வீடு உனக்குத்தான் தெரியும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, போய்க் கூட்டிட்டு வந்துடு. அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டா வேற வழி இல்ல, உன்னை வச்சுத்தான் திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிக்கணும். நீதான் அப்புறம் பர்மனென்ட்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்தான். வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டை போய்ச் சேருவதற்குள் முடிவு செய்துவிட்டான். போவது, நலம் விசாரிப்பது, திரும்புவது. கம்பெனி கூப்பிட்ட கதையை எடுக்கவே வேண்டாம். திங்கட்கிழமை, "வரமாட்டேன்னுட்டான் மேடம், ரொம்பக் கோவமா கீறான்" என்று ஒரு வரி. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அழுக்கில் கூட அதிர்ஷ்டம் அவனுக்கு. இவன் நகம் வெட்டி, எண்ணெய் வைப்பதை விட்டு, கார்க்கைக் குழந்தை மாதிரி கழுவி வைத்ததற்கு என்ன கிடைத்தது? கேரமை விட்டதால்தான் என் கையில் பவுடர் ஒட்டவில்லை, அதனால்தான் தோற்றேன் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அதைச் சைக்கிள் பெல்லை வேகமாக அடித்து விரட்டினான்.

ரஷீதின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ரஷீது பாயில் உட்கார்ந்து கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போகிறானாம். விரல் நுனிகள் வெடித்து, சிவந்து, வீங்கியிருந்தன.

"அடேய் டில்லி! வாடா, வா. குந்து. அஜீசு, யார் வந்துகீறான் பாரு."

ரஷீதின் மனைவி அஜீசுன்னிசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே, சாப்ட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பினாள்.

டில்லிபாபு அந்த விரல்களையே பார்த்தான். "இன்னாடா கை இப்டி ஆயிடுச்சு?"

"ஐஸு மச்சான். ஸ்டிரைக்கர புடிக்க முடியல. அத்த வுடு. யசோதரா நல்லா கீதா?"

டில்லிபாபுவுக்கு மனசு இளகியது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது கண் முன்னால் அந்த நீல பஸ் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டான். பரிதாபத்தை அவனால் சமாளிக்க முடிந்தது. தட்டில் சோறு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டான்.

"பர்மனென்ட் ஆயிட்டியாடா?" என்று கேட்டான் ரஷீது.

"இன்னும் இல்ல. ஆயிடும்."

"ஆவட்டும். உன்க்குத்தான் ஆவணும்." ரஷீது எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான். "டில்லி, ஒண்ணு சொல்றேன், சாப்புட்டுகினே கேளு. நீதான் போட்டுக் குட்த்தன்னு எனுக்குத் தெரியும். அன்னிக்கே ரகுபதி சார் சொல்ட்டாரு, உன் தோஸ்துதான்டா வந்து சொன்னான்னு."

டில்லிபாபுவின் கை தட்டிலேயே நின்றது.

"அஜீசுகிட்டகூட நா சொல்லல. நீ ஒண்ணியும் நெனச்சிக்காத. சீட்டு ஒண்ணுதான், நம்ம ரெண்டு பேரு. என்னிய அங்க சேத்ததே நீ. உன்க்கு அது வோணும்னா எத்துக்கோ. நா மனசார சொல்றேன் மச்சான், எனுக்கு உன் மேல ஒரு கோவமும் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பொய்ச் சிரிப்பாக இருந்தால் டில்லிபாபு பிழைத்திருப்பான். நிஜமாகவே சிரித்தான்.

கஷ்டத்தில் இருக்கிறவன் மேல் தனக்குப் பொறாமை வராது என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தான் டில்லிபாபு. வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி வந்தது. கேரமில் ஜெயித்தான், குழாயில் ஜெயித்தான், இப்போது தோற்று, வேலை போய், விரல் வெடித்து, பாயில் உட்கார்ந்துகொண்டு மன்னிப்பதிலும் ஜெயிக்கிறான். சீட்டையே பிச்சையாகப் போடுகிறான். இனி அந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், அது ரஷீது கொடுத்த சீட்டு. தூக்கம் வருமா? அவன் மட்டும் பெரிய மனுஷனா? நான் யார், அவன் போடுவதைப் பொறுக்குகிறவனா? காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீ ஒண்ணும் எனுக்குக் குடுக்க வோணாம்!" என்று கத்தினான். அடுப்பு பக்கத்திலிருந்து அஜீசுன்னிசா திரும்பிப் பார்த்தாள். "கம்பெனி உன்னியக் கூப்புடுது. உன் கேரம் பவுடராலதான் கொயா சரியா வந்துச்சாம். மேடம் கண்டுபுட்ச்சிட்டாங்க. ரகுபதி தப்ப ஒத்துகினான். நாளைக்கு வந்தியானா பர்மனென்ட் உன்க்குத்தான். அத்த சொல்லத்தான் என்னிய அனுப்புனாங்க."

ரஷீது எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "நீ இத்த சொல்லாம போயிருந்தா?" என்று கேட்டான்.

"எனுக்கு ஆயிருக்கும்."

"தெரிஞ்சா சொல்ற?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். காலீல சீக்கிரம் எய்ந்து வா. பவுடர் பொட்லத்த மறக்காம எட்த்துகினு வா."

ரஷீதின் கண் கலங்கிவிட்டது. எழுந்து கட்டிப்பிடிக்க வந்தான். டில்லிபாபு கையைக் கழுவுகிற சாக்கில் நகர்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் யசோதரா கேட்டாள். அவளும் எத்தனையோ நாளாகக் காத்திருந்தவள்தான். பர்மனென்ட் ஆனால் பிள்ளைத்தாய்ச்சி காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கார்டு கிடைக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது நான்காவது மாசம். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ரஷீது மன்னித்ததை, தான் கத்தியதை, எல்லாவற்றையும்.

யசோதரா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னிய மாதிரி ஒரு ஆள நா பாத்ததே இல்ல. சீட்டு கையில கீது. வாய மூடிகினு வந்திருந்தா போதும். கொண்டு போய்க் குட்த்துட்டு வந்து நிக்கறியே. புள்ள பொறக்கப் போற நேரத்துல எவனாவது இப்டி செய்வானா? ஏன், ரஷீதண்ணே செஞ்சிருக்குமா? சத்தியமா சொல்றேன், அந்தண்ணேகூட செஞ்சிருக்காதுயா!"

திட்டாகத்தான் சொன்னாள். சோற்றுத் தட்டை அவன் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். டில்லிபாபு அவள் கடைசியாகச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று பார்த்தான், தைரியம் வரவில்லை. ஏற்கெனவே ரஷீது வீட்டில் சாப்பிட்டிருந்தும், தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.